பனிமலையில் பறக்கும் மனிதர்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீசில் போட்டிருந்தது. ஆனால் சென்ற வாரம் இந்தத் தெரு டீக்கடையில் நடந்த ஒரு தர்க்கம் நம் காதுக்கு எட்டியபடியால், அதைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கின்றோம்.

ஒரு பையன் செல்போனில் ஒரு படம் காட்டியிருக்கிறான். ஜப்பான் தேசத்து ரியோயு கோபயாஷி என்பவர், 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஐஸ்லாந்து தேசத்தில் பனி மூடிய மலைச்சரிவு ஒன்றில், இரண்டு கால்களிலும் நீளமான பலகைகளைக் கட்டிக் கொண்டு சறுக்கி வந்து, 291 மீட்டர் தூரம் காற்றிலே போய், கால் ஊன்றி நிற்கிற படம். பார்த்தவர்களில் ஒருவர், "இது கம்ப்யூட்டரில் செய்த பொய்" என்றாராம். மற்றொருவர், "பொய்யல்ல, மூச்சை அடக்கி உடம்பை லேசாக்கும் சித்தர் வித்தை, நம்மிடமிருந்து போனது" என்றாராம். மூன்றாமவர் அனுமாரையே சாட்சிக்கு இழுத்துவிட்டாராம். பையன் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போய்விட்டான். அந்தப் பையனுக்காகத்தான் நாம் பேசுகின்றோம்.

நாம் எட்டாவது வகுப்புக்கு மேல் படித்தவரல்லோம். தறியில் உட்கார்ந்திருந்த காலத்தில் கிடைத்த புத்தகங்களைக் கூட்டிக் கூட்டிப் படித்ததுதான் நம்முடைய படிப்பு. ஆகவே உங்களுக்கு விளங்காத கணக்கு ஒன்றும் நம்மிடம் கிடையாது. பயப்பட வேண்டாம்.

முதலில், படம் உண்மைதான். ஆனால் அந்த 291 மீட்டரைச் சர்வதேச சங்கத்தார் ரெக்கார்டாக ஒப்புக் கொள்ளவில்லை. அது தனியாகக் கட்டிய மலையில், போட்டியில்லாமல் செய்தது. சங்கத்தார் ஒப்புக்கொண்ட கணக்கில், ஸ்லோவேனியா தேசத்து டோமன் பிரெவ்ஸ் என்பவர் 2025 மார்ச்சில் பிளானிட்சா என்ற இடத்தில் 254.5 மீட்டர் பறந்தார். அதையே கணக்குக்கு எடுத்துக் கொள்வோம்.

நம் தூத்துக்குடி ஜில்லா முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2023 மார்ச்சில் பெல்லாரி ஜில்லாவில் 8.42 மீட்டர் நீளம் தாண்டி, இந்திய ரெக்கார்டு ஏற்படுத்தினார். அவர் ஓடி வந்து உந்துகிற வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். பனிச்சறுக்குக்காரன் மேடையை விட்டுக் கிளம்புகிற வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் தாண்டும் தூரம் ஒன்பது மடங்காகும். 8.42-ஐ ஒன்பதால் பெருக்கினால் ஏறக்குறைய 76 மீட்டர். இதிலும் ஒரு சங்கதி. அந்த மேடையின் நுனி மேல்நோக்கி இருப்பதாகத்தான் பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். இல்லை, அது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே அவன் மேலே எறியப்படுவதே இல்லை. சரிவு இறங்கிக் கொண்டே போவதால் கிடைக்கும் லாபம் அந்த நஷ்டத்துக்குச் சரியாய்ப் போகிறது. மீதி 170, 180 மீட்டரை அவனுக்குக் கொடுத்தது யார்?

இன்னொரு விதமாகவும் கேட்கலாம். அவன் காற்றில் இருப்பது ஏறக்குறைய 8 வினாடி. ஒரு கல்லை 8 வினாடி விழவிட்டால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அது 300 மீட்டருக்கு மேல் கீழே போயிருக்கும். இவன் இறங்கியதோ அதில் பாதிகூட இல்லை. யாரோ அவனைக் கீழேயிருந்து தாங்கியிருக்கிறார்கள். வைகாசியில் நம்மூர் வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் பறந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே தாங்குகிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்; அவர்கள் தோள் காய்த்துப் போயிருப்பதையும் பார்த்திருக்கிறீர்கள். இங்கே தோள் கொடுப்பது காற்று.

இதோ நம் கையில் ஒரு ரவிக்கைத் துண்டு இருக்கிறது. இதைச் சுருட்டிப் பந்தாக்கிக் கீழே விடுகின்றோம், தொப்பென்று விழுந்துவிட்டது. இப்போது அதே துண்டை விரித்து விடுகின்றோம். ஆடி அசைந்து வருகிறது. எடை ஒரு குன்றிமணிகூட மாறவில்லை. பரப்புத்தான் மாறியது. விரிந்த துணி காற்றைத் தள்ளுகிறது, காற்று துணியைத் திருப்பித் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் இது விழுவதை மெதுவாக்கும் வேலை மட்டுமே. பறக்க வேண்டுமானால் இன்னொன்று வேண்டும். அதை உங்கள் பிள்ளைகள் மாடியில் தினமும் செய்கிறார்கள். காற்றாடியை எப்படி விடுகிறார்கள்? காற்றுக்கு எதிராக, சற்றுச் சாய்வாக அல்லவா நிறுத்துகிறார்கள்? எதிரே வருகிற காற்று அந்தச் சாய்வில் பட்டுக் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. காற்றாடி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பனிச்சறுக்குக்காரனும் ஒரு காற்றாடியே. காற்றாடிக்கு நூல் இருக்கிறது. இவனுக்கு நூலுக்குப் பதிலாக மேடையில் சேர்த்துக் கொண்டு வந்த வேகம் இருக்கிறது. மார்பைப் பலகைகளின் மேல் கவிழ்த்து, கையைத் தொடையோடு ஒட்டிக் கொண்டு, உடம்பையும் பலகையையும் சேர்த்து ஒரே இறக்கையாக்கிக் கொள்கிறான். சாய்வு அதிகமானால் காற்று அவனைப் பிடித்து நிறுத்திவிடும். குறைந்தால் தலைகுப்புறப் போவான். அந்த நடுவான சாய்வைக் கண்டுபிடித்து 8 வினாடி காப்பதுதான் வித்தை. மூச்சை அடக்கினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. ஜெஸ்வினுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று அனுகூலம். அது வினாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால் அந்தத் தாண்டலை ரெக்கார்டாக எடுத்துக் கொள்வதில்லை. பனிச்சறுக்குக்காரனுக்கோ எதிர்க்காற்றுத்தான் சகாயம்; பின்காற்று சத்துரு. இப்போது போட்டிகளில் எதிர்க்காற்று வீசினால் மார்க்கைக் கழிக்கிறார்கள், பின்காற்று வீசினால் கூட்டுகிறார்கள். காற்றைக்கூடக் கணக்கில் எழுதி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் கால் ஏன் ஒடியவில்லை என்று நம்மை ஒரு தோழர் கேட்டார். மாடியிலிருந்து தரையில் குதித்தால் தரை உங்களை எதிர்த்து நிற்கிறது. அங்கே மலைச்சரிவை, அவன் வருகிற பாதைக்கு இணையாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் தரைக்குச் சில மீட்டர் மேலேயே பறந்து வந்து, அதன்மேல் உரசினாற்போல் இறங்குகிறான். சமதரை வரை போய்விட்டால் மட்டும் ஆபத்துத்தான்; அதனால்தான் எங்கிருந்து புறப்படலாம் என்பதை நடுவர்கள் ஏற்றி இறக்குகிறார்கள்.

இனி, இந்த அறிவு எப்படி வளர்ந்தது என்பதைப் பாருங்கள். 1936-இல் ஆஸ்திரியாக்காரர் சேப் பிராட்ல் முதன்முதலில் 100 மீட்டரைத் தாண்டினார். பின்லாந்துக்காரர் டோனி நிமினென் 1994-இல் 200 மீட்டரைத் தாண்டினார். அந்த 58 வருஷத்தில் மனுஷனுடைய கால் இரண்டு மடங்கு பலமாகிவிடவில்லை. பலகையை வைத்துக் கொள்ளும் விதம் மாறியது. முன்பெல்லாம் இரண்டு பலகைகளையும் ஒட்டினாற்போல் இணையாகப் பிடிப்பதுதான் அழகு, அதுதான் முறை. 1980-களில் ஸ்வீடன் தேசத்து யான் பொக்லோவ் என்பவர் பலகைகளின் முன்பக்கத்தை விரித்து, ஆங்கில எழுத்து 'வி'யைப் போல் பிடித்துப் பறந்தார், தூரமாகப் போனார். நடுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாமூலுக்கு விரோதம் என்று மார்க்கைக் குறைத்தார்கள்! காற்று மட்டும் மாமூல் பார்க்கவில்லை. குறைத்த மார்க்கோடும் அவர் 1988-89-ஆம் வருஷத்து உலகக் கோப்பையை ஜெயித்தார். விரித்த பலகைகளின் நடுவே உடம்பும் காற்றுக்குப் படுவதால் தாங்கும் பரப்பு கூடுகிறது என்பதைப் பிறகு சோதனைச் சாலைகளும் காட்டின. சில வருஷங்களில், அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார்கள்.

பரப்புத்தான் விஷயம் என்று தெரிந்தவுடன் திருட்டும் வந்தது. இது நெசவாளிகளாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். நெருக்கி நெய்த துணி காற்றை விடாது. இளக்கமான துணி விட்டுவிடும். விடாத துணியையும் தொளதொளவென்ற சட்டையையும் போட்டுக் கொண்டால் அதுவே பாய்மரமாகும். ஆகவே துணி இவ்வளவு காற்றை உள்ளே விட்டாக வேண்டும், உடை உடம்பைவிட இவ்வளவுக்கு மேல் பெரிதாயிருக்கக் கூடாது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் நார்வே தேசத்து டிரான்ட்ஹைம் நகரில் நடந்த உலகப் போட்டியில், அந்தத் தேசத்துக் குழுவினரே உடையின் கவட்டுப் பகுதியில் விறைப்பான நூலைச் செருகித் தைத்தது, மறைந்திருந்து எடுத்த படத்தால் வெளிப்பட்டது. கவட்டுத் துணி விறைத்து நின்றால் அங்கே கொஞ்சம் காற்று பிடிபடும். அந்தக் கொஞ்சத்திற்காக! இரண்டு வீரர்களைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள், பயிற்சியாளரும் தப்பவில்லை. ஒரு நூலின் விலை என்ன என்பதை நம் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருட்டாவது பிடிபட்டது. இதைவிடக் கொடுமை பட்டினி. எடை குறைந்தவனைக் காற்று எளிதில் தாங்குமாதலால், வாலிபர்கள் சாப்பிடாமல் கிடந்து எலும்பும் தோலுமானார்கள். 2004 முதல், உயரத்திற்குத் தக்க எடையில்லாதவனுக்குப் பலகையின் நீளத்தைக் குறைத்துவிடுவதென்று விதி செய்தார்கள். பட்டினியால் வருகிற லாபத்தைப் பலகையில் பிடுங்கிக் கொள்வது. நல்ல ஏற்பாடுதான்.

கடைசியாக, நாம் இன்று இங்கே வந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். 1924-இல் நடந்த முதல் பனிக்கால ஒலிம்பிக்கிலேயே இந்தப் பறக்கும் போட்டி இருந்தது, ஆண்களுக்கு. பெண்களுக்கு எப்போது? 2014-இல்! தொண்ணூறு வருஷம்! 2005-இல்கூடச் சர்வதேச சங்கத்தின் தலைவர், வைத்திய ரீதியில் இது பெண்களுக்குப் பொருந்தாது என்று பேசினார். கால் ஊன்றும் அதிர்ச்சியில் கருப்பை கெட்டுவிடும் என்பது அங்கே வெகுநாளாய்ச் சொல்லி வந்த கதை. கருப்பை இடுப்பெலும்புக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெளியே தொங்குவது யாருடையது? ஆபத்து என்றால் முதலில் ஆண்களையல்லவா தடுத்திருக்க வேண்டும்? 2009-இல் பெண்கள் கனடாவில் கோர்ட்டுக்குப் போனார்கள். இது பாரபட்சந்தான், ஆனால் ஒலிம்பிக் கமிட்டியை உத்தரவிட எமக்கு அதிகாரமில்லை என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார்.

முன்பு சொன்ன டோமன் பிரெவ்சுக்கு நிகா என்று ஒரு தங்கை. அண்ணன் 254.5 மீட்டர் பறந்த அதே 2025 மார்ச்சில் தங்கை 236 மீட்டர் பறந்தாள். பெண்களைச் சற்று உயரத்திலிருந்து புறப்பட விடுகிறார்கள் என்பது வாஸ்தவம், அதையும் சொல்லிவிடுகின்றோம். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் தாங்கியது ஒரே காற்று.

இந்தத் தெருவில் ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்தில் நீளத் தாண்டுதலில் முதலாவதாக வந்தாள். யார் வீடு என்று நாம் சொல்லப் போவதில்லை. வயதுக்கு வந்த பிறகு தாண்டினால் கருப்பை இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லி நிறுத்திவிட்டார்களாம். அந்தக் குழந்தையின் தாயாரும் பாட்டியாரும் நாள் முழுவதும் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிக்கிறவர்கள். தெருக் குழாயிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் சுமக்கிறவர்கள். அப்போதெல்லாம் இறங்காத கருப்பை, மணலில் நாலு மீட்டர் தாண்டும்போது மட்டும் எப்படி இறங்கும் என்று கேட்கின்றோம். சந்தேகமிருந்தால் நம்மை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறார், போய்க் கேட்டுக் கொள்ளுங்கள்.

தகப்பனார் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று விசாரித்து வந்திருக்கின்றோம். டீக்கடைத் தோழர்கள் மூவரும் வந்திருந்தால், இப்போது கேள்வி கேட்கலாம்.