கடைத்தெருவும் கடன் கொப்பியும்

1344ஆம் ஆண்டிலே புத்தளத்துக் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, அங்கே ஒரு வியப்பைக் கண்டார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்தன. பாண்டிநாட்டுக் கரையினரும் மலையாளத்தாரும் அவற்றை விலை கொடாமலே ஏற்றிச் சென்றனர். அதற்கு ஈடாக அரசருக்கு ஆடை முதலியவற்றை அளித்தனர். பண்டமும் பணமும் அந்நேரமே கைமாறுவது மட்டும் வாணிகம் அன்று என்பதை இக்கரை அன்றே அறிந்திருந்தது.

ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் வழியே படகுகளும், 1926இலே புகையிரதமும் வந்தன. கடைத்தெரு வளர்ந்தது. உப்பும் கொப்பராவும் கருவாடும் கற்பிட்டி வெங்காயமும் ஒருங்கே விலைபோகும் இத்தெருக்களில், தமிழும் சிங்களமும் ஒரே பேரத்துக்குள் மாறி மாறி ஒலிக்கும். ஆயினும் தெருவின் உயிர் பேரத்தில் இல்லை. முதலாளியின் கடன் கொப்பியிலே இருக்கின்றது. வைகாசியிலே தென்மேற்குக் காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும்போது தோணிகள் கரையேறும். சிலர் வாடியமைத்துத் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்குப் போவர். போகாதவர் வீட்டு உலைக்கு அரிசி கொப்பியிலே எழுதப்படும். கடல் திறந்ததும் கணக்குத் தீரும். மீனை இன்னாருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும் என்ற கட்டும் சிலவேளை அக்கடனுக்குள் ஒளிந்திருக்கும் என்பதையும் மறைத்தல் ஆகாது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் வந்து தங்கினர். கடை வைத்திருந்தவரும் வெங்காயத் தோட்டத்துக் கூலிக்குப் போயினர். கூலி குறைந்ததென்று உள்ளூரவர் சிலர் முகஞ்சுளித்ததும் உண்டு. தந்தை பெயர் தெரியாத அயலாருக்குக் கொப்பியில் ஒரு பக்கம் திறப்பதென்றால் எந்த முதலாளியும் சற்றே தயங்குவார். அந்தப் பக்கம் திறந்த நாளே அவர் ஊரவரான நாள்.

இன்று குளிரூட்டிய சுப்பர் மார்க்கட்டுகள் வந்துள்ளன. அங்கே எல்லோருக்கும் ஒரே விலை. பேரம் பேசத் தெரியாத பெண்பிள்ளையும் ஏமாறமாட்டாள். இது சிறிய நன்மை அன்று. ஆனால் 2022 செப்டெம்பரிலே கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்த காலத்தில், கையிற் காசில்லாதவருக்கு அந்தக் கண்ணாடிக் கதவு பயன்படவில்லை. கடன் அட்டை உடையவருக்கு அங்கும் கடன் உண்டு. அட்டையைப் பெறுவதற்கு மாதச் சம்பளம் வேண்டும். காற்று மாறும் நாளை எண்ணியிருக்கும் தோணிக்காரருக்கு அது எளிதில் எட்டுவதில்லை.