பழுதுற்ற பொருளும் விற்றவர் பொறுப்பும்

நெடுந்தீவிலே வாழும் ஒரு குடும்பம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அடுப்பை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்று, வீட்டில் மூட்டிப் பார்க்கும்போதே பழுது புலனாகிறது. மீண்டும் கடல் கடக்குஞ் செலவையும் ஒருநாட் கூலியையும் எண்ணி, "எங்கள் தலைவிதி" என்று அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். விதியின்மேற் சுமத்தும் இப்பழி உண்மையில் யாரைச் சாரும்?

கொள்வோனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது பழைய வணிக நெறி. மீனின் செவுளை விரித்துப் பார்த்து வாங்குவோர்க்கு அது பொருந்தும். அடைத்து முத்திரையிட்ட பொருளை எவ்வாறு பார்ப்பது? 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயுக் கசிவுகளும் வெடிப்புகளும் நேர்ந்தன. ஆராய நியமிக்கப்பட்ட குழு, புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் மாற்றப்பட்டமையையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. உருளையினுள் இருக்கும் விகிதத்தை எந்த இல்லத்தரசி கண்ணாற் காண்பாள்?

இவ்வினாவுக்குச் சட்டம் முன்னரே விடை தேடியது. ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928 இல், நண்பர் வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தை அருந்திய டொனகியூ என்னும் மாது, ஒளிபுகாப் போத்தலுள் அழுகிய நத்தை இருந்ததனால் நோயுற்றதாகக் கூறி, அதைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடுத்தார். காசு கொடுத்தவர் அவரல்லர். ஆகவே அவருக்கு ஒப்பந்த உரிமை எதுவும் இல்லை. ஆயினும், இடையில் எவரும் சோதித்தறிய இயலாதவாறு பொருளை அனுப்புபவர், அதனை இறுதியில் நுகர்பவருக்குக் கவனக் கடமை உடையவர் என்று 1932 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது.

எங்கள் நாட்டிலே 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், வாங்குபவர் தம் தேவையைக் கூறி வணிகரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவி, முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. அயல்நாடாகிய இந்தியா 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உற்பத்தியாளர் பொறுப்புக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது.

தீவக மக்கள் செய்யத்தக்கவை மூன்று. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பழுதான பொருளை எறியாது பேணுங்கள். விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கடிதம் கடந்தாற் போதும்.

இது நேர்மையான வணிகருக்கு எதிரான செயலன்று. பழுதைப் பொறுத்து நாம் மௌனமாயிருந்தால், நல்ல சரக்கு விற்பவருக்கும் தீய சரக்கு விற்பவருக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். ஒரு வீட்டார் எழுதும் கடிதம், அதே சரக்கை நாளை வாங்கவிருக்கும் அயல்வீட்டாரையும் காக்கும்.