நீலப் பாலாடைக் கட்டி: பெயரும் உரிமையும்

பாலாடைக் கட்டியில் பூஞ்சணம் படர்ந்தால் அதனைக் கெட்டுப்போனதென்று ஒதுக்குவதே வழக்கம். ஆனால், பூஞ்சணம் படர்ந்தாலன்றி விலைபோகாத வகையும் உண்டு. அதுவே நீலப் பாலாடைக் கட்டி. 'பெனிசிலியம் ரோக்போர்ட்டி' என்னும் பூஞ்சணத்தின் வித்துக்கள் நீலமும் பச்சையும் கலந்த நிறமுடையவை. கட்டியை ஊசியால் துளைத்துக் காற்றுப் புகச் செய்கின்றனர். காற்றுச் சென்ற வழியெல்லாம் பூஞ்சணம் வளர்ந்து நீல நரம்புகளாகத் தோன்றுகிறது. எனவே, பொதுப்பெயர் நிறத்தால் வந்தது. சிறப்புப் பெயர்கள் பலவும் ஊர்களால் வந்தவை. அவ்வூர்ப் பெயர்கள் யாருக்கு உரியவை?

தெற்குப் பிரான்சில், கோம்பலூ மலைச்சரிவில் உள்ளது ரோக்போர் என்னும் சிற்றூர். அங்குள்ள குகைகளில், பாறைப் பிளவுகள் வழியே குளிர்ந்த ஈரக்காற்று ஓயாது வீசுகிறது. ஆட்டுப்பாலில் செய்த கட்டிகளை அங்கே முதிரச் செய்யும் தனியுரிமையை 1411-ஆம் ஆண்டில் ஆறாம் சார்லஸ் மன்னர் அவ்வூராருக்கு வழங்கினார். 1925-இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பெயருக்குப் பாதுகாப்பளித்தது. வேறிடங்களில் முதிர்வித்தவை அப்பெயரைத் தாங்க இயலாதென 1961-இல் மியோ நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் குகை உரிமையாளர்கள் மட்டுமன்றி, சுற்று வட்டாரத்தில் லக்கோன் இனச் செம்மறியாடு வளர்ப்போரும் வாழ்வு பெற்றனர்.

இங்கிலாந்தின் ஸ்டில்டன் கதை வேறு. லண்டனிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூரின் விடுதிகளில், பதினெட்டாம் நூற்றாண்டில், பயணிகளுக்கு விற்கப்பட்டதால் அக்கட்டி அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. 1996-இல் ஐரோப்பியப் பாதுகாப்புக் கிட்டியபோது, டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களே உற்பத்தி எல்லையாக வகுக்கப்பட்டன. ஸ்டில்டனோ கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ளது. பெயரளித்த ஊர் அப்பெயரில் கட்டி செய்ய இயலாத நிலை உருவாயிற்று!

இவ்விரு ஊர்களின் அனுபவம் இந்தியாவுக்கும் பயன்படும். 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் டார்ஜிலிங் தேயிலை முதற்பதிவைப் பெற்றது. ஆயினும், சங்கமோ வாரியமோ பெயரைப் பதிவு செய்வதுடன் பணி முடிவதில்லை. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தம்மையும் பதிந்துகொள்ள வேண்டும். எல்லை வகுக்கும்போது உழைப்போர் விடுபடலாகாது. பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இடம்பெற வேண்டும். அப்போதுதான் ஊரின் புகழ் ஊராரின் வருவாயாக மாறும்.