எம்டனை நினைக்கிற ஊர்

(மயிலாப்பூரில் நடந்த நினைவுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம், கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் என்று வந்திருக்கிறேன். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு அதுதானே தொழில்.

'அவன் பெரிய எம்டன்டா' என்று நம்ம ஊரில் சொல்வோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் இந்தக் கடலில் வந்து நின்று நூற்றுக்கும் மேலே குண்டு போட்டது. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் போய்விட்டது. ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்காதவன்கூட அந்தச் சொல்லைச் சொல்கிறான். குண்டு போட்ட கப்பலுக்கு ஒரு சொல் கொடுத்து வைத்திருக்கிற இந்த ஊர், அதே போருக்கு இங்குள்ள சேரிகளிலிருந்து போன ஆட்களுக்கு என்ன வைத்திருக்கிறது? இதுதான் என் கேள்வி.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். இதில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. 'ஃபாலோயர்' என்று ராணுவம் இவர்களுக்குப் பெயர் வைத்தது. பின்னால் வருகிறவன். தண்ணீர் சுமக்க, சமைக்க, துணி வெளுக்க, அடிபட்டவனை டோலியில் தூக்க, மலம் அள்ள. யார் எந்த வேலைக்கு என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. சம்பளம் சிப்பாயைவிடக் குறைவு. குண்டும் காலராவும் மட்டும் சமமாகக் கிடைத்தன.

என் பாட்டியின் அப்பா அப்படிப் போனவர். மெசபடோமியா என்றால் யாருக்கும் வாயில் நுழையாது. கப்பல் இறங்கிய ஊர் பஸ்ரா என்பதால் சேரியில் அவர் 'பஸ்ராக்காரர்'. ராணுவ ஆஸ்பத்திரியில் வாளி தூக்கியிருக்கிறார். 'அங்கயும் எங்க கூடாரத்த ஒதுக்குப்புறமாத்தான் போட்டாங்க' என்று சொல்வாராம். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவர் திரும்பி வந்தார். வராதவர்களுக்கு என்ன நடந்தது? பஸ்ராவில் பிரிட்டிஷ்காரன் 1929-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினான். 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாயும் ஃபாலோயரும்? இன்ன படையில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கா, எகிப்து என்று குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும், அது மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. மன்னிப்பும் கேட்டார்கள். யாரிடம் கேட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை. பஸ்ராக்காரர் பேத்தியிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

இங்கே சில தோழர்கள் கேட்பார்கள், எனக்குத் தெரியும்: 'வெள்ளைக்காரனுக்குச் சேவகம் பண்ணினதை எதுக்குய்யா கொண்டாடணும்?' நியாயமான கேள்வி. நான் கொண்டாடச் சொல்லவில்லை. 'நாங்களும் வீரப் பரம்பரை' என்று மீசை முறுக்கச் சொல்லவும் இல்லை. அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம். வீரம் என்கிற சரக்கை வெள்ளைக்காரன் எப்படி விற்றான் என்று பாருங்கள். பழைய மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குலம்' என்றொரு தத்துவம் வந்தது. தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தான். சாலை போடவும் பாலம் கட்டவும் இருந்த மதராஸ் பயனீர் படையைக்கூட 1933-இல் கலைத்துவிட்டான். 1939-இல் அடுத்த போர் வந்தது. ஆள் பற்றவில்லை. உடனே நமக்கு வீரம் வந்துவிட்டது! 1941-இல் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினான். பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிக ஆட்களைக் கொடுத்தது மதராஸ் மாகாணம்தான். வீரம் ரத்தத்தில் இல்லை, அவனுடைய தேவையில் இருந்தது.

பிறகு ஏன் போனார்கள்? பஞ்சம், கடன், பண்ணையாரிடமிருந்து தப்பிக்க ஒரு வழி, காலுக்குச் செருப்பு. சேரி ஆள் செருப்பு போட்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாத காலத்தில் சர்க்காரே பூட்ஸ் கொடுத்தது. அதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொரேகானைப் பற்றி நமக்குத் தெரியும். 1818 ஜனவரி 1 சண்டை. கம்பெனி தரப்பில் முழங்கிய பீரங்கிகள் மதராஸ் பீரங்கிப் படையுடையவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தூணுக்கு அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று போனார். அவர் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அந்தத் தூண் ஏன் இத்தனை பேரை இழுக்கிறது? அதில் செத்தவர்களின் பெயர் இருக்கிறது. 'நாக்' என்று முடிகிற மகார்களின் பெயர்கள். விரல் வைத்துக் காட்டலாம், இவன் என் ஆள் என்று. இருநூறு வருஷம் கழித்து, 2018 ஜனவரி 1 அன்று, அந்தப் பெயர்களைப் பார்க்கப் போனவர்கள்மேல் கல் விழுந்தது. பெயர் இருந்தால் அவனுக்கு எரிகிறது. பஸ்ராவின் எண்களைப் பார்த்து எவனுக்கும் எரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கவுன்ட்டருக்கு ஒரு கிழவி வந்தார். இரண்டாம் உலகப் போரில் இருந்தவரின் மனைவி. பிளாஸ்டிக் உறையில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் வைத்திருந்தார். அதில் புருஷனுடைய பெயர் ஒரு விதம், ரேஷன் கார்டில் இன்னொரு விதம். வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதின பெயர். வேலை என்கிற இடத்தில் தோட்டி. 'இந்தக் காகிதம் செல்லுமாப்பா?' என்று கேட்டார். அவர் போனபிறகு பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்: 'மிலிட்டரின்னதும் பெருசா நெனச்சேன்.'

அந்தக் காகிதங்கள் இப்போது எங்கே? நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இரண்டாம் போரில் செத்த 850-க்கும் மேற்பட்டவர்கள் புல் வெட்டின தரையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், தலைமாட்டில் கல்லோடு. நம் வீட்டு மெடல் தகரப் பெட்டியில் கிடந்தது. அந்தப் பெட்டியும் நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்களே, அப்போது எத்தனை பெட்டி உடைந்ததோ! 2022-இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை இடித்தபோது ஜனம் முதலில் தூக்கியது அடுப்பையும் பிள்ளைகளின் புத்தகத்தையும். கொள்ளுத்தாத்தா மெடலை யார் தேடுவார்கள்?

ஆகவே மாணவத் தோழர்கள் மயிலாப்பூரில் தேடினால் போதாது, பெரும்பாக்கம் போகணும். ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், போன இடம், செய்த வேலை, யார் சொன்னது. வாளி தூக்கினவர் என்றால் வாளி தூக்கினவர் என்றே எழுதுங்கள், 'ராணுவ சேவை' என்று மெழுகாதீர்கள். போட்டோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடணும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர் பஸ்ராவில் இருந்தபோது இங்கே குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றினது யார் என்று கேளுங்கள், அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன்.