படைத்துறைப் பணியிடங்களில் உடல்நலத் திட்டங்களை மதிப்பிடுதல்

(உரையின் வடிவம்)

நாட்டின் பாதுகாப்புக்காக உழைப்போர் அனைவரும் எல்லையில் நிற்பவர் அல்லர். வெடிமருந்து கலப்போர், விமான எஞ்சின்களைச் செப்பனிடுவோர், பற்றவைப்போர் எனப் பலர் பட்டறைகளில் பணிபுரிகின்றனர். கிழக்கேகோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே பாங்கோடு இராணுவ நிலையமும், 1984-இல் நிறுவப்பட்ட விமானப் படையின் தென்மண்டலத் தலைமையகமும் உள்ளன. படைத்துறைப் பணியிடங்களின் தொழில்சார் உடல்நலத் திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை அறிவது எவ்வாறு?

எத்தனை பேருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது, எத்தனை காதடைப்பான்கள் வழங்கப்பட்டன என்பன செய்த பணியின் கணக்கே. விளைந்த பயனின் கணக்கு ஆகா. பட்டறையில் இரைச்சல் குறைந்ததா, பணியாளரின் கேட்கும் திறன் காக்கப்பட்டதா என்பனவே உரிய வினாக்கள். இரைச்சலால் இழந்த செவித்திறன் மீளாது. ஆதலால் பணியில் சேரும் நாளிலேயே அளவெடுத்து, பின்னர் ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும்.

அளவெடுக்கும் காலமும் முக்கியமானது. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. கார்டைட்டின் மூலப்பொருள்களுள் ஒன்று நைட்ரோகிளிசரின். இது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் புகுந்து இரத்தக் குழாய்களை விரிக்கும், கடுந்தலைவலி உண்டாகும். சில நாள்களில் உடல் பழகிவிட, வலி மறையும். விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் தோன்றும். வெடிமருந்துத் தொழிலில் இதற்குத் 'திங்கட்கிழமைத் தலைவலி' என்றே பெயர். விடுமுறை நாள்களில் குழாய்கள் சுருங்குவதால் நெஞ்சுவலியும் திடீர் மரணமும் நேர்ந்ததை அயல்நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. எனவே இத்தகைய பணியிடத்தில் வாரக் கடைசியில் மட்டும் கணக்கெடுப்பவர் குறையேதும் இல்லை என்றே எழுத நேரும்.

படைத்துறைக்கே உரிய இடர்ப்பாடுகளும் உண்டு. உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டோரைப் பொதுமக்களுடன் ஒப்பிட்டால், தீங்கு நேர்ந்திருப்பினும் அவர்கள் நலமுடன் இருப்பதாகவே தோன்றும். இடமாற்றத்தால் பதிவேடுகளின் தொடர்ச்சி அறுபடலாம். ஓய்வுபெற்றோர் கணக்கில் வாராவிடின், பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்படும் நோய்கள் மறைந்துபோகும். மருத்துவத் தரநிலை குறைந்தால் பதவி உயர்வு தடைப்படும் என்ற அச்சத்தால் குறையை மறைப்போரும் இருப்பர்.

போபால் விபத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களில் பணிபுரிவோரின் உடல்நலப் பதிவேடுகளைப் பேணுவது கடமையாக்கப்பட்டது. பதிவேடு பெட்டகத்தில் உறங்குவதால் பயனில்லை. அதைக் கொண்டு நச்சுப்பொருளை மாற்றவும், காற்றோட்டத்தைச் சீர்செய்யவும், அதன் விளைவை மீண்டும் அளக்கவும் வேண்டும். குறையைக் கூறும் பணியாளர் தண்டிக்கப்படார் என்ற உறுதியும் தேவை. அந்த உறுதி இல்லாத இடத்தில் எந்தப் புள்ளிவிவரமும் உண்மை பேசாது.