அட்டையா, ஆசிரியரா?

கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "'பாடி' நல்லதா, 'எஸ்எஸ்ஐ' நல்லதா?" என்றுதான்.

இரண்டும் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சிக்குச் சான்று அட்டை வழங்கும் அமைப்புகள். பாடி 1966-இல் அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் தொடங்கியது. எஸ்எஸ்ஐ 1970-இல் வந்தது. இரண்டிலும் தொடக்கநிலைப் படிப்புக்கு 'ஓப்பன் வாட்டர்' என்றே பெயர். முடித்தால் துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். இந்த நிலைக்கென்றே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமும் உண்டு. அதனால் அந்தமானில் வாங்கிய அட்டையை மாலத்தீவிலும் தாய்லாந்திலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அட்டையில் அச்சான பெயரைவிட, கற்றுத்தருகிறவர் யார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலே கிழிந்துவிடலாம். ஆனால் தண்ணீருக்குள் பயந்துபோனவர் சட்டென்று செய்வது மூச்சை அடக்குவதுதான். அந்தப் பழக்கத்தை மாற்ற, அவசரப்படாத ஆசிரியர் வேண்டும்.

பயிற்சி மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? கடலில் எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. நாலு பேர் என்றால் எனக்கு நிம்மதி. முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்ற வராதவருக்கு இன்னொரு நாள் கொடுப்பார்களா?

படிப்பில் 200 மீட்டர் நீந்தச் சொல்வார்கள், 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். "அதெல்லாம் வேண்டாம், நேரே கடலுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால், அங்கே பணம் கட்டாதீர்கள்.