படத்துக்கு விலை சொல்லக் கத்துக்கிட்ட கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இயற்கைக் காட்சிகளை வரையும் ஓவியரும் குழு உறுப்பினருமான சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே ஒரு அக்கா கையைப் பிடிச்சுக் கேட்டுட்டாங்க, "ஏம்மா, படம் வித்துச் சாப்பிட முடியுமா?"ன்னு. முழுசா முடியாதுக்கா. இன்னைக்கும் எங்க வீட்டுல தையல் மிஷின் ஓடுது. ஆனா பாதிச் சாப்பாடு படத்துல வருது. அந்தப் பாதி எப்படி வந்ததுன்னுதான் சொல்லப்போறேன்.

நான் வரையறது தாமிரபரணிக் கரை. வயல், பனைமரம், படித்துறை, தூரத்துல பொதிகை மலை. வாட்டர் கலர்தான். பருத்தியில செஞ்ச கெட்டித் தாள் 22க்கு 30 அங்குலத்துல வரும். அதை நாலாக் கிழிச்சா 11க்கு 15 அங்குலத்துல நாலு படம். ஒரு படத்துக்கு மூணு நாள் ஆகும்.

முதல் கண்காட்சிக்குக் குழுவுல 18,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். 12 படத்துக்கும் ஃபிரேம் போட 10,800. ஹால் வாடகையில என் பங்கு 4,000. மீதி வண்டிக்கும் தாளுக்கும் போச்சு. மூணு நாள் உட்கார்ந்திருந்தேன். ரெண்டே படம்தான் வித்துச்சு. ஒவ்வொண்ணும் 1,500. ஏன் அந்த விலைன்னு கேட்டா எனக்கே தெரியாது. வந்தவரு முகத்தைப் பார்த்தேன், வாயில வந்ததைச் சொன்னேன்.

முதல் ரெண்டு தவணையைத் தையல் காசுல கட்டினேன். மூணாவது மாசம் கட்ட முடியல. குழுக் கூட்டத்துல தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கேன். "நாம சேத்து வச்ச சந்தாவுல இவ படம் போட்டு விளையாடுறாளா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அழுகை வந்துருச்சு. ஆனா அவங்க அதோட விடல. "ஒரு படத்துக்கு உனக்கு என்ன செலவு? சொல்லு"ன்னாங்க. அவங்க இட்லிக் கடை வச்சிருக்கவங்க. அரிசி, உளுந்து, விறகு, சட்னி, ஒரு இட்லிக்கு இத்தனை பைசான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. அவங்களே கணக்கு நோட்டுப் பின்பக்கம் போட்டாங்க. ஃபிரேம் 900, தாளும் கலரும் 250. 1,500-ல இது போக மிச்சம் 350. மூணு நாள் கூலி 350 ரூபாய்! ஹால் வாடகை தனி. "களை எடுக்கப் போனாக்கூட இதை விடக் கூடக் கிடைக்குமே"ன்னாங்க. அன்னைக்கு ரெண்டு மாசம் தவணை தள்ளித் தர்றதா தீர்மானப் புத்தகத்துல எழுதினாங்க. அதுல அந்த அக்கா கையெழுத்துதான் முதல்ல இருக்கு.

அதுக்கப்புறம் சென்னையில ஒரு மூத்த ஓவியர்கிட்ட கேட்டேன். அவர் ஒரு வழி சொன்னார். படத்தோட நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, சதுர அங்குலத்துக்கு இவ்வளவுன்னு வைன்னார். 11க்கு 15 படம்னா 165 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 30 ரூபாய்னா 4,950. ஃபிரேம் 900 சேர்த்தா 5,850. எனக்கு மயக்கமே வந்துருச்சு. "யாருங்க ஐயா வாங்குவா?"ன்னேன். கடையில வச்சா 40 சதவீதம் அவங்க எடுப்பாங்க, அதையும் கழிச்சுப் பாருன்னார். 2,340 போனா 3,510. அதுல செலவு 1,150 போனா 2,360. மூணு நாளுக்குப் பங்கு போட்டா ஒரு நாளைக்கு 790 கூட வராது. இதுல கொள்ளை எங்க இருக்கு?

ஒரு விஷயத்தைக் கட்டாயமாச் சொன்னார். வீட்டுக்கு வர்றவருக்கும் கடையில வாங்குறவருக்கும் ஒரே விலைதான். வீட்டுல குறைச்சுக் கொடுத்தா அது கடைக்காரருக்குத் தெரிய வரும், அடுத்த தடவை நம்ம படத்தை மாட்ட மாட்டார். சித்தி மகனுக்குக்கூட நான் குறைக்கல. ஒரு வருஷம் பேசாம இருந்தான்.

சரி, யார் வாங்குறா? பெரிய பணக்காரங்கன்னு நெனச்சேன், இல்ல. இந்த ஊரை விட்டுப் போனவங்க. ஐப்பசியில பிசான நடவு நடக்குற ஒரு படம். அதுக்கு முன்னாடி ஒரு அம்மா ரொம்ப நேரம் நின்னாங்க. அவங்க அம்மா நடவுக்குப் போன வயக்காடு அது. கையில முழுப் பணம் இல்ல, மூணு தவணையாக் கொடுத்தாங்க. ஒரு தவணைகூடத் தவறல. அன்னையிலிருந்து ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் எந்த ஊர், எந்த மாசம், காலையா சாயங்காலமான்னு எழுதி வைக்கிறேன். "அழகா இருக்கு"ன்னு சொல்றவங்க நகர்ந்து போயிடுவாங்க. "இது எங்க ஊரு"ன்னு சொல்றவங்கதான் வாங்குறவங்க.

பிரிண்ட் போட்டு மலிவா விக்கலாமேன்னு கேப்பீங்க. தப்பில்ல. நம்ம பூஜை அறையில இருக்குற லட்சுமி, சரஸ்வதி படமெல்லாம் ராஜா ரவி வர்மா 1894-ல பம்பாயில அச்சகம் வச்ச பிறகு வீடு வீடா வந்ததுதான். நானும் அட்டையில அச்சடிச்சு 40 ரூபாய்க்கு விக்கிறேன். ஆனா பின்னால "அச்சு"ன்னு போட்டிருக்கும். ஒரு விடுதிக்காரர், பிரிண்டுக்கு மேல கொஞ்சம் கலர் தடவிக் கையெழுத்துப் போடு, அசல்னு மாட்டிக்கிறேன், 20 அறைக்கு வேணும்னார். அப்ப வீட்டுல ரொம்பக் கஷ்டம். ரெண்டு ராத்திரி தூங்கல. அப்புறம் முடியாதுன்னுட்டேன். தவணையாக் கட்டி வாங்கின அந்த அம்மா வீட்டுல இருக்குறது அப்ப என்ன ஆகும்?

ஏமாந்ததும் உண்டு. ஒரு கடையில அஞ்சு படம் கொடுத்தேன், ரசீது வாங்கல. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு திரும்பி வந்துச்சு, பூஞ்சை பிடிச்சு. மூணுக்குக் காசும் இல்ல, படமும் இல்ல. பத்து பைசா விட்டுப்போனாலும் குழுக் கணக்குல கண்டுபிடிக்கிற நான், வெறும் வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்துட்டு வந்திருக்கேன் பாருங்க! இப்ப ரெண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கிடுறேன். படம், அளவு, விலை, கமிஷன், எத்தனை நாள்ல பணம், எல்லாம் அதுல இருக்கும். கண்ணாடி தாளைத் தொடாம நடுவுல அட்டை வச்சு ஃபிரேம் போடணும்கறதையும் அந்த மழைக்காலத்துலதான் கத்துக்கிட்டேன்.

சென்னைக்குத் தெக்க ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு. 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் சேர்ந்து தொடங்கினது. படம் மட்டும் விக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுலதான் நிலம் வாங்கினாங்க. முதல் தடவை அங்க போனப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம குழு மாதிரிதானே இதுவும்!

என் கடன் முடிய 14 மாசம் ஆச்சு. கடைசித் தவணை அன்னைக்கு, இட்லிக் கடை அக்காவுக்கு அவங்க கடைவாசலையே வரைஞ்சு கொண்டுபோனேன். "இதுக்கு என்ன விலை?"ன்னு கேட்டாங்க. சும்மா வச்சுக்கோங்கக்கான்னேன். விடல. அங்குலக் கணக்கு போடச் சொல்லி, மாசம் 500 வீதம் கட்டி முடிச்சாங்க.

வெளியில மேஜையில ஆறு படம் வச்சிருக்கேன். விலை பின்னால எழுதியிருக்கு. பேரம் கிடையாது, தவணை உண்டு.